கொல்லைக் காவலும் ஒற்றைக் குழலும்

தமிழர் படைக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் மன்னர் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வாளும் வேலும் வில்லும் மதிற்பொறிகளும் ஆய்வாளர் கண்ணில் பட்ட அளவுக்கு, விதைத்தவன் தன் விளைச்சலைக் காக்கக் கையிலெடுத்த கருவி பட்டதில்லை. அரண்மனைப் படைக்கலம் அருங்காட்சியகத்திற்குச் செல்கிறது. உழவனின் கருவியோ பரணில் கிடந்து துருவேறிப் பழைய இரும்போடு போய்விடுகிறது. அவ்வாறு வரலாற்றின் ஓரத்தில் நிற்கும் கருவிகளுள் ஒன்று ஒற்றைக்குழல் துப்பாக்கி. நம் மன்றத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று கவிஞர் பெருமக்கள் வியக்கக்கூடும். கொல்லைக் காவல் என்பது சங்கப் பாடல்களின் உயிர்நிலைகளுள் ஒன்று என்பதையும், அக்காவலின் கடைசிக் கருவிகளுள் ஒன்று இந்த ஒற்றைக் குழல் என்பதையும் எண்ணிப் பார்த்தால் வியப்பு நீங்கும்.

தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் அமைந்த கடத்தூரைச் சுற்றியுள்ள நிலம் வானம் பார்த்த நிலம். தெற்கே சேர்வராயன் மலைத்தொடர், கிழக்கே சித்தேரி மலை, இடையிடையே காப்புக்காடுகள், அவற்றின் ஓரம்வரை கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் மரவள்ளியும் விளையும் மேட்டு நிலங்கள். இவ்வட்டாரத்தில் புன்செய் நிலத்தையும் 'காடு' என்றே சொல்வார்கள். 'காட்டுக்குப் போகிறேன்' என்பவர் வேட்டைக்குச் செல்பவர் அல்லர். களை எடுக்கச் செல்பவர். விலங்கு வாழும் காட்டிற்கும் மனிதன் உழும் காட்டிற்கும் ஒரே சொல் வழங்கும் ஊரில், இரண்டிற்கும் இடைப்பட்ட எல்லை வரப்பளவு மெலிந்தது என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது. அந்த எல்லையில்தான் காவற்காரன் நின்றான்.

புனங்காவல் மரபு

குறிஞ்சித் திணையின் முதன்மையான நிகழ்வுகளுள் ஒன்று தினைப்புனங் காத்தல். தழல், தட்டை, குளிர் ஆகிய கிளிகடி கருவிகளைக் குறிஞ்சிப்பாட்டு பெயர் சொல்லிக் காட்டுகிறது. ஓசை எழுப்பியும் கவண்கல் எறிந்தும் பகலில் கிளியோட்டியவர்கள் பெண்கள். இரவில் பரண்மீது தீ வளர்த்து யானையையும் பன்றியையும் விரட்டியவர்கள் ஆண்கள். இவ்விரு காவலோடு மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. பெருங்கல்லைச் சாய்த்து நிறுத்தி, அடியில் புகும் விலங்கை நசுக்கும் அடார் எனும் பொறியை மலைபடுகடாம் சுட்டுகிறது. முதல் இரண்டும் கண் விழித்திருக்கும் காவல். மூன்றாவது கண்ணில்லாக் காவல். பொறி தன்னுள் புகுந்தது எது என்று பாராது. பரணில் இருப்பவன் பார்ப்பான். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இக்கட்டுரை சொல்ல வருவதன் வேர் இதுவே.

தகடூர் நாட்டுக் காவல் மரபிற்கு நடுகற்களும் சான்றாகின்றன. 1972இல் வெளிவந்த செங்கம் நடுகற்கள் தொகுதியும், அதன்பின் தருமபுரிப் பகுதியில் தொடர்ந்து நிகழ்ந்த கண்டுபிடிப்புகளும் ஆநிரை மீட்டு வீழ்ந்தோர் எத்தனை பேர் என்பதை உலகறியச் செய்தன. தருமபுரி அகழ்வைப்பகத்தில் இவற்றுள் பலவற்றைக் காணலாம். வில்லும் அம்பும் குறுவாளும் கேடயமும் ஏந்தி நிற்கும் அவ்வீரருள் பலர் முடிமன்னர் அல்லர். தம் ஊர் மாட்டைக் காக்க நின்றவர்கள். புலியோடு பொருது மாண்டவர்க்கு எடுத்த புலிகுத்திக் கற்களும் உண்டு. ஊர்க்காவலுக்கு ஆயுதம் ஏந்துவது பெருமைக்குரிய செயல் என்று கருதிய சமூகத்தின் எழுத்தாவணங்கள் அவை. அந்தப் பெருமை பிற்காலத்தில் அரசு அனுமதிக்கும் உரிமையாகச் சுருங்கிய கதையே துப்பாக்கியின் கதை.

சொல்லின் வரலாறு

துப்பாக்கி என்பது நம் மொழிக்கு வந்து சேர்ந்த விருந்தினச் சொல். துருக்கி, பாரசீக மொழிகளில் வழங்கிய 'துபக்', 'துபங்' முதலிய வடிவங்களிலிருந்து இந்திய மொழிகள் பலவற்றிற்கும் இது பரவியது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதன் நெருங்கிய உறவுச் சொற்கள் உள்ளன. ஈழத்தமிழர் 'துவக்கு' என்பதும் இதன் கிளையே. பீரங்கி என்னும் சொல்லோ பரங்கியரை நினைவூட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆயினும் தமிழ்க் காது இச்சொல்லை அயற்சொல்லாக எண்ணவில்லை. துப்பு என்றால் வலிமை. துப்பு என்றால் உணவும் ஆகும். வான்சிறப்பு அதிகாரத்தின் பன்னிரண்டாம் குறளில் 'துப்பாக்கி' என்னும் எழுத்துத் தொடர் அப்படியே வருவதைக் காட்டி மாணவர்கள் நகைப்பதுண்டு. அங்கு அது 'உணவாக்கி' என்று பொருள்படும் வினையெச்சம். கருவியின் பெயரோடு அதற்கு எந்த உறவும் இல்லை. மொழியியல் இரண்டையும் பிரித்து வைக்கிறது. கொல்லையில் விளைந்த துப்பைக் காக்கத் துப்பாக்கி ஏந்திய உழவன் வாழ்வில் மட்டும் இரண்டும் அருகருகே நின்றன.

கருவி அயலதாயினும் அதன் உறுப்புகளுக்கும் உணவுகளுக்கும் மக்கள் வீட்டுச் சொற்களையே சூட்டினார்கள். வெடித்தூளுக்கு 'மருந்து' என்று பெயர். சிறு ஈயமணிகளுக்கு 'ரவை' என்று பெயர். தட்டி வெடிக்கச் செய்யும் உறுப்பிற்குக் 'குதிரை' என்று பெயர். சமையலறையும் வைத்தியனின் பெட்டியும் இலாயமும் ஒரு கருவிக்குள் வந்து குடியேறின. தன்னுடையதாக்கிக்கொள்ளாத பொருளுக்கு எந்தச் சமூகமும் இத்தகைய பெயர்களைத் தருவதில்லை.

ஆயுதம் பறிபோன வரலாறு

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீட் இப்பகுதியை ஆளவந்தார். அவருடைய உதவியாளராகத் தாமஸ் மன்றோ 1799 வரை பணியாற்றினார். நிலத்தை அளந்து உழவனோடு நேரே தீர்வை பேசும் இரயத்துவாரி முறை இங்கே வடிவம் பெற்றது. உழவனின் நிலம் ஏட்டில் ஏறிய காலத்தை அடுத்தே அவனுடைய ஆயுதமும் ஏட்டில் ஏறவேண்டிய காலம் வந்தது.

தென்பாளையங்களின் கிளர்ச்சி அடக்கப்பட்டபின் 1801 டிசம்பர் முதல் நாளில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம், அப்பகுதிகளில் கோட்டைகளை இடிக்கவும் மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்குப் பின் இக்கொள்கை நாடு முழுவதற்கும் விரிந்தது. லிட்டன் பிரபு காலத்தில் 1878ஆம் ஆண்டின் பதினோராம் சட்டமாக இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இன்றி இந்தியன் ஆயுதம் வைத்திருப்பது குற்றமாயிற்று. ஐரோப்பியர்க்கோ விதிவிலக்கு அளிக்கப்பட்டது. இந்த இன வேறுபாடு பிற்காலத்திலேயே விதிகளிலிருந்து நீங்கியது.

எழுத்தாளர்கள் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. அதே 1878ஆம் ஆண்டில் அதே லிட்டன் பிரபுவின் ஆட்சியில்தான் இந்திய மொழி இதழ்களை ஒடுக்கும் அச்சகச் சட்டமும் வந்தது. தென்னிந்தியா அச்சட்டத்தின் பிடிக்குப் புறம்பாக இருந்தது எனினும் அதன் நோக்கம் யாவர்க்கும் விளங்கியது. ஓராண்டில் எழுதுகோலும் துப்பாக்கியும் ஒருசேர ஐயத்திற்குரிய பொருள்களாயின. அச்சகச் சட்டம் ரிப்பன் பிரபு காலத்தில் நீக்கப்பட்டது. ஆயுதச் சட்டம் எண்பதாண்டுகளுக்கு மேல் நின்றது. பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் 1887இல் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாடு ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் இயற்றியது. அகிம்சையின் திருவுருவாகிய காந்தியடிகளே 1918இல் வெளியிட்ட துண்டறிக்கையில், ஒரு நாட்டினர் அனைவரையும் நிராயுதபாணிகளாக்கிய செயலை ஆங்கில ஆட்சியின் மிகக் கரிய குற்றமாக வரலாறு கருதும் என்னும் கருத்தைத் தெரிவித்தார். ஆயுதம் ஏந்துவதும் ஏந்தாதிருப்பதும் ஒருவன் தானே தேர்ந்து செய்யும் அறமாக இருக்கவேண்டும். பிறர் பறித்ததால் வந்த வெறுங்கை அறமாகாது என்பதே அவ்வெண்ணத்தின் உட்பொருள் எனக் கொள்ளலாம்.

ஏழையின் துப்பாக்கி

சமீன்தார்களும் வெள்ளை அதிகாரிகளும் இரட்டைக்குழல் துப்பாக்கியும் ரைபிளும் கொண்டு வேட்டையாடினார்கள். சென்னையில் கடிகாரத்திற்குப் பெயர்பெற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் பெயர் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகளும் அக்காலத்தில் விற்பனையாயின. பென்னாகரம், ஒகேனக்கல், அஞ்செட்டிக் காடுகளை ஆங்கில நூல்களில் வரைந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) ஏந்தியதும் ரைபிளே. ரைபிளின் குழலுக்குள் சுருள் வரிகள் உண்டு. அவை ஒற்றைக் குண்டைச் சுழற்றித் தொலைவுக்கு அனுப்பும். நாம் பேசும் துப்பாக்கியின் குழலோ உட்புறம் வழுவழுப்பானது. ரவைகளைச் சிதறி வீசுவது. சட்டமொழியில் 'வழுவழுப்பான குழல்' என்பது இதனையே குறிக்கும்.

உழவர் கைக்கு எட்டியது ஒற்றைக்குழல். அதிலும் இருவகை உண்டு. வாய்வழியே மருந்தும் ரவையும் இட்டு இரும்புக்கோலால் இடித்துக் கெட்டிப்பது பழையது. நடுவில் மடக்கித் திறந்து பின்புறம் தோட்டா செருகுவது புதியது. முன்னதை எஸ்.பி.எம்.எல். என்றும் பின்னதை எஸ்.பி.பி.எல். என்றும் உரிமத் தாளில் எழுதுவார்கள். மடக்குத் துப்பாக்கியின் மூலக் கருத்து பிரான்சு நாட்டு இலபோசோ 1830களில் வகுத்த அமைப்பிலிருந்து வளர்ந்தது. இங்கிலாந்தின் கிரீனர் நிறுவனம் எளிய ஒற்றைக்குழல் துப்பாக்கிகளைப் பேரரசின் நாடுகள் பலவற்றிற்கும் அனுப்பியது. இந்தியாவிலோ பீகாரின் முங்கேர் நகரம், மீர்காசிம் தன் தலைநகரை அங்கு மாற்றிய பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. பூனாவை அடுத்த கிர்க்கியில் 1869இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலையின் தோட்டாக்கள் நாடெங்கும் பயன்பட்டன.

பன்னிரண்டு போர் என்று இத்துப்பாக்கிகளைக் குறிப்பர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எத்துணைப் பருமன் இருக்குமோ அதுவே குழலின் உள்வாய், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். எண் பெருகினால் குழல் சிறுக்கும் என்பது இக்கணக்கின் விந்தை. துப்பாக்கியின் எடை மூன்று கிலோவுக்குள் அடங்கும். ஆறாம் எண் ரவையிட்ட ஒரு தோட்டாவில் முந்நூறுக்கு அண்மையான சிறுமணிகள் இருக்கும், எல்.ஜி., எஸ்.ஜி. எனும் பெருங்குண்டுகளோ பத்துக்கு உட்பட்டவை. குயிலுக்கும் பன்றிக்கும் ஒரே குழல்; மாறுவது உள்ளிருக்கும் மணியே. ரவை செல்லும் பயனுள்ள தொலைவு முப்பத்தைந்து மீட்டர் அளவே. எனவே காவற்காரன் விலங்கின் அருகே செல்லவேண்டும். அருகே செல்பவன் அதனை நன்கு பார்த்துவிடுவான்.

இக்கருவியை உடையவர் அதில் கண்ட இன்பம் எத்தகையது? கொல்லும் இன்பம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆயின் அது முழு உண்மை ஆகாது. குழலைக் கழற்றிக் கதிரவனுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் நோக்கினால், உள்ளே ஒளி வளையம் வளையமாய் ஓடும். அவ்வளையத்தில் எங்கேனும் கறை தென்பட்டால் எண்ணெய் தோய்ந்த துணி மீண்டும் உள்ளே செல்லும். கட்டை வெடித்தால் கம்பி சுற்றுவதும், குதிரையின் வில் தளர்ந்தால் கொல்லனிடம் எடுத்துச் செல்வதும், ஆயுத பூசையன்று அரிவாள், கலப்பைக் கொழுவோடு அதற்கும் சந்தனம் குங்குமம் இடுவதும் அவ்வின்பத்தின் கூறுகள். பரணில் கண்விழித்திருக்கும் இரவின் பனியும், மருந்துப் புகையின் மணமும், வேட்டொலி மலையில் மோதித் திரும்பும் ஓசையும் அதனைச் சார்ந்தவை. பெரும்பாலான இரவுகளில் வானை நோக்கிய ஒரு வேட்டே போதுமானது. பன்றிக் கூட்டம் கலைந்துவிடும். கடலைச் செடி பிழைத்துவிடும்.

இவற்றிற்கெல்லாம் மேலாக, ஒற்றைக்குழல் என்பது ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் மடக்கி, வெறுங்கூட்டை எடுத்து, மறு தோட்டா இடுவதற்குள் விலங்கு மறைந்துவிடும். அல்லது மேலே பாய்ந்துவிடும். தோட்டாவின் விலையோ உழவனுக்குச் சிறிதன்று. ஆகவே விசையில் விரல் படுமுன் அவன் பலவற்றை எண்ணவேண்டும். அசைவது பன்றியா, பக்கத்துக் கொல்லைக்காரனின் பசுங்கன்றா, தண்ணீர் கட்ட வந்த ஆளா? பின்னால் வீடு உண்டா? எண்ணாமல் சுட்டோர் செய்த கேடுகளும் இவ்வட்டார நினைவில் உண்டு. எனினும் இக்கருவியின் அமைப்பே எண்ணுவதற்கு ஒரு கணத்தை வற்புறுத்திக் கேட்கிறது. சிக்கனமே அதன் அறமாக இருந்தது.

பெண்பாற் புலவர்களும் நோக்கத்தக்க ஒன்று இங்குண்டு. தட்டையும் குளிரும் கவணும் பெண் கைக்குரியனவாக இருந்தன. துப்பாக்கி வந்தபோது காவல் முழுதும் ஆண்பெயரில் எழுதப்பட்டது. உரிமத்தில் இருந்தது பெரும்பாலும் ஆண்பெயர். வீட்டுப் பெண்ணுக்கு அது குழந்தைகள் கைக்கெட்டாமல் உயரத்தில் வைக்கப்படவேண்டிய ஒரு பொருள். இரவில் ஒரு வேட்டொலி கேட்டால் அடுத்த ஒலி என்ன என்று காத்திருக்கும் கவலை. புனங்காவலில் பாட்டுடைத் தலைவியாக இருந்தவள் இக்கருவியின் வரலாற்றில் கேட்போளாக மட்டும் நின்றாள். இவ்விழப்பு இதுவரை பாடப்படவில்லை என்றே எண்ணுகிறேன்.

சட்டம் தந்த மதிப்பு

விடுதலை பெற்ற இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1962 அக்டோபர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அதன் பதின்மூன்றாம் பிரிவு உழவனைப் பெயர் சொல்லாமல் நினைவுகூர்கிறது. தற்காப்பிற்கோ விளையாட்டிற்கோ, இருபது அங்குலத்திற்குக் குறையாத வழுவழுப்பான குழலுடைய துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கும், உண்மையான பயிர்க்காவலுக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி கேட்பவனுக்கும், தடை ஏதும் இல்லையாயின் உரிமம் வழங்கவேண்டும் என்பது அதன் கருத்து. பயிர்க்காவலுக்கு வாய்க்கெட்டுத் துப்பாக்கி போதாது என்று அதிகாரி கருதினால் வேறு வழுவழுப்புக் குழல் துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதியவேண்டும்.

இப்பிரிவை வறண்ட சட்டமொழி என்று ஒதுக்கிவிடலாகாது. 1878இன் சட்டம் குடிமகனை ஐயத்தோடு நோக்கியது. 1959இன் சட்டம் கேழ்வரகுக் கொல்லையில் பனியில் நனையும் ஒருவனின் தேவையை 'உண்மையான பயிர்க்காவல்' என்னும் தொடரால் ஏற்றுக்கொண்டது. காவல் நிலைய அறிக்கை, மாவட்ட ஆட்சியரின் ஒப்பம், குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தல், வாங்கிய தோட்டாக்களின் கணக்கு என்று அந்த உரிமத்திற்குக் கடமைகள் பல இருந்தன. ஓர் உழவனை அரசு எவ்வளவு நம்புகிறது என்பதை எழுத்தில் காட்டிய ஆவணம் அது. நிலப்பட்டாவுக்கு அடுத்தபடியாகப் பெட்டியில் பத்திரப்படுத்தப்பட்ட தாளாக அது இருந்ததில் வியப்பில்லை.

இலக்கு மறைந்த கருவி

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இக்கருவியின் வாழ்வில் ஒரு திருப்பம். தொடக்கத்தில் அச்சட்டம் வேட்டை உரிமங்களுக்கு இடம் வைத்திருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வழியையும் அடைத்தது. பயிருக்கும் உயிருக்கும் கேடு செய்யும் விலங்கைக் கூட, உரிய அதிகாரியின் எழுத்தாணை இன்றிச் சுடலாகாது. பொங்கலை ஒட்டி ஊர்கூடி நிகழ்த்திய முயல் வேட்டையும் குற்றமாயிற்று. கோயில் திருவிழாவின் பாரிவேட்டை சடங்களவில் நிற்கிறது. இச்சட்டத்தின் தேவையை எவரும் மறுக்கவியலாது. காடு சுருங்கி விலங்கினம் அருகிய நாட்டில் அது வந்தே தீரவேண்டிய சட்டம். ஆயின் அதனால் துப்பாக்கி ஒரு புதிர்நிலையை எய்தியது. வைத்திருக்க ஒரு சட்டம் உரிமை தருகிறது; சுடுவதற்கு மற்றொரு சட்டம் தடை விதிக்கிறது. பயிர்க்காவல் என்று உரிமத்தில் எழுதியிருக்கும். பயிரைத் தின்னும் பன்றியோ பாதுகாக்கப்பட்ட உயிர்.

உரிமம் பெறாத நாட்டுத் துப்பாக்கிகளின் கதை வேறு. மலைச் சிற்றூர்களில் கொல்லர் பட்டறைகளில் உருவான அக்குழல்கள் காவலுக்கும் பயன்பட்டன. களவு வேட்டைக்கும் பயன்பட்டன. 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்படும் வரையிலான நீண்ட ஆண்டுகளில், இம்மாவட்டத்துக் காட்டோர மக்கள் கையில் துப்பாக்கி என்றாலே ஐயப்பாடு எழுந்தது. உரிமம் பெற்ற துப்பாக்கியும் தேர்தல் தோறும் காவல் நிலையத்திலோ ஆயுதக் கிடங்கிலோ ஒப்படைக்கப்படும் பொருளாயிற்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டித்தது. தந்தை மறைந்தால் மகன் பெயருக்கு மாற்ற மீண்டும் விண்ணப்பம், மீண்டும் விசாரணை. சலித்துப்போன பிள்ளைகள் ஒப்படைத்துவிட்டுக் கைகழுவுகிறார்கள்.

அண்டையிலுள்ள குடகு நாட்டை ஒப்பு நோக்குதல் பயன்தரும். குடவர்க்கும் அந்நாட்டு ஜம்மா நிலவுரிமையாளர்க்கும் உரிமம் பெறுவதிலிருந்து ஆங்கிலேயர் காலத்திலேயே விலக்கு அளிக்கப்பட்டது. நடுவண் அரசு 2019இல் அவ்விலக்கை 2029 வரை நீட்டித்தது. செப்டம்பரில் வரும் கயில்போது விழாவில் துப்பாக்கிக்கு மாலை சூட்டி வழிபடுகிறார்கள். புத்தரி அறுவடை நாளில் வேட்டொலி எழுப்பிக் கதிர் அறுக்கிறார்கள். ஆண்மகவு பிறந்தால் ஒரு வேட்டு ஒலிப்பதும் அவர்தம் மரபு. அங்கே துப்பாக்கி குலப்பெருமை. பலரறிய மகிழ்ந்து கொண்டாடப்படுவது. தகடூர் நாட்டிலோ அது தாளில் மட்டும் பேசப்பட்டு, வீட்டு மூலையில் அடங்கிய பொருள். ஒரே நாட்டின் ஒரே சட்டத்தின்கீழ் ஒரே கருவி இரு வாழ்வு வாழ்ந்தது.

கண்ணில்லாக் காவல்

துப்பாக்கி ஓய்ந்தது, பன்றி ஓயவில்லை. மரவள்ளியும் நிலக்கடலையும் பயிரிடும் உழவர் இதனை நன்கறிவர். காவலுக்கு ஆள் கிடைப்பதும் அரிதாயிற்று. இவ்வெற்றிடத்தில் வந்து புகுந்தவை இரண்டு. ஒன்று, தின்னும் பொருளுக்குள் வெடிமருந்து பொதிந்து வைக்கும் அவுட்டுக்காய். மற்றொன்று, கள்ளத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பிவேலி. 2023 மார்ச்சு மாதம் இம்மாவட்டத்தில் மாரண்டஅள்ளி அருகே கொல்லை வேலியில் பாய்ச்சிய மின்சாரத்தால் மூன்று யானைகள் மாண்டன. அவற்றோடு வந்த இரண்டு குட்டிகள் தப்பிப் பிழைத்தன. பன்றிக்கு வைத்த கம்பி யானையை வீழ்த்தியது. இத்தகைய கம்பிகளில் மனிதர் மாண்டதும் தமிழகம் அறிந்ததே.

தொடக்கத்தில் குறித்த அடாரை இங்கு நினைவுகூர வேண்டும். கல்லடார் கண்ணில்லாதது, அதன் மறுபிறப்பே மின்கம்பி. ஈராயிரம் ஆண்டுகள் கடந்தும் மனிதன் காவலின் கடினமான பகுதியாகிய விழித்திருத்தலையும் பார்த்தலையும் ஒரு பொறியிடம் ஒப்படைத்துவிட்டு உறங்க விரும்புகிறான். துப்பாக்கி கொடிய கருவிதான். ஆனால் அதன் பின்னால் ஒரு கண் இருந்தது. அக்கண்ணுக்குரியவன் பெயரும் ஊரும் ஓர் ஏட்டில் இருந்தன. கொன்றது யார் என்று கேட்டால் விடை சொல்ல ஒருவன் இருந்தான். கம்பிக்கும் அவுட்டுக்காய்க்கும் பெயரில்லை, முகமில்லை.

அரசுகளும் இச்சிக்கலை உணரத் தலைப்பட்டுள்ளன. கேரள அரசு 2022இல் காட்டுப் பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்து, உரிமம் பெற்ற துப்பாக்கியாளர்களைப் பயன்படுத்த வழிவகுத்தது. தமிழக அரசு 2025 சனவரியில் அறிவித்த முறையில், காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். அதற்கப்பால் வனத்துறையினரே சுடலாம். ஒரு மாநிலம் உழவரின் அண்டைவீட்டுத் துப்பாக்கியை மீண்டும் அழைக்கிறது. மற்றொரு மாநிலம் அரசூழியர் கையிலேயே அதனை வைக்கிறது. எது சிறந்தது என்று தீர்ப்புரைப்பது இலக்கிய மாணவியாகிய என் வேலையன்று. எவ்வழியாயினும் சுடுமுன் பார்க்கும் ஒரு கண் வேண்டும், சுட்டபின் விடையிறுக்கும் ஒரு பெயர் வேண்டும் என்பதை மட்டும் வரலாறு கற்பிக்கிறது.

நாம் செய்யத்தக்கது

ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றபோது அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியதாக அமைந்த புறநானூற்றுத் தொண்ணூற்றைந்தாம் பாடலை நாம் அனைவரும் கற்றிருக்கிறோம். தொண்டைமானின் கருவிகள் பீலி சூடி, நெய் பூசி, காவலுக்குள் பொலிந்தன. தகடூர் அதியமானின் கருவிகளோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. பயன்பட்ட கருவிக்கே தழும்பு உண்டு என்பது அப்பாட்டின் குறிப்பு. கம்பி சுற்றிய கட்டையும் தேய்ந்த குதிரையும் கொண்ட கடத்தூர்ப் பக்கத்து ஒற்றைக்குழல்கள் அதியமான் மரபைச் சேர்ந்தவை. அவை இன்று ஒவ்வொன்றாகக் கிடங்கிற்குச் செல்கின்றன. அங்கே பீலியும் இல்லை, நெய்யும் இல்லை.

துப்பாக்கியைத் திரும்பக் கொணர்க என்று வேண்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. போகின்ற கருவியோடு போய்விடும் சொற்களையும் செய்திகளையும் நிறுத்தி வைக்கவேண்டும் என்பதே வேண்டுகோள். பழைய பயிர்க்காவல் உரிமத் தாள்கள் வேளாண் வரலாற்றின் ஆவணங்கள். எந்த நிலத்தில் என்ன பயிர் இருந்தது, எந்த விலங்கு வந்தது, யாரை அரசு நம்பியது என்பதற்கு அவை சான்று பகரும். அவற்றை எரிக்காமல் படியெடுத்து வைக்கலாம். பரண் காத்த முதியோரிடம் இரவுக் காவலின் சொற்களைக் கேட்டு எழுதலாம். வேட்டொலி கேட்டு விழித்திருந்த மூதாட்டியரிடம் அவர்கள் பங்கையும் கேட்டு எழுதலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். பத்தாண்டு நிறைந்த நம் மன்றம் பதினோராம் ஆண்டில் இப்பணியைக் கையேற்குமாயின், புனங்காவலைப் பாடிய மொழிக்கு அது செய்யும் நன்றிக்கடனாகும்.